பழைய லேப்டாப், புதிய இயங்குதளம்: இந்தத் திரை கேட்பது எந்தப் பாஸ்வேர்டு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் பலரும் அதற்குப் பிறகுதான் விண்டோஸ் 11-க்குப் போகலாமா, இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாமா என்று கைவைக்கத் தொடங்கினார்கள். நிறுவுவதற்கான பென்டிரைவ் தயாரிப்பது, அதிலிருந்து பூட் செய்வது (அதாவது லேப்டாப்பைத் தொடக்குவது) எல்லாம் முதலில் பயமுறுத்தும். ஆனால் சொன்னபடி செய்தால் நடந்துவிடும். ஆள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். நடுவே ஒரு திரை வந்து கடவுச்சொல் கேட்கும். தெரிந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார், எதுவும் எடுபடாது.

இப்படி உதவி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "திரை எப்படி இருக்கிறது? எப்போது கேட்டது?" என்பதுதான். ஒரு லேப்டாப்பில் ஐந்தாறு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒரு பூட்டின் சாவியை இன்னொரு பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டிருப்பதுதான் பாதிச் சிக்கல். எது கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் மிச்சம் சுலபம், அல்லது சுலபமில்லை என்றாவது சீக்கிரம் தெரிந்துவிடும்.

பவர் பட்டனை அமுக்கியதிலிருந்து வரிசையாக

லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸ் சின்னமோ லினக்ஸ் சின்னமோ வருவதற்கு முன்பே, வெறும் கறுப்புத் திரையிலோ தயாரிப்பாளர் சின்னத்தின் மீதோ ஒரு சின்னப் பெட்டி கேட்டால் அது பயாஸ் பாஸ்வேர்டு. பயாஸ் என்பது இயங்குதளத்துக்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே உள்ள சின்ன மென்பொருள். இயங்குதளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸை அழித்தாலும் அது அங்கேயே இருக்கும். இதிலும் இரண்டு வகை. ஆன் செய்யும்போதே கேட்பது ஒன்று. பயாஸ் அமைப்புக்குள் நுழையும்போது மட்டும் கேட்பது இன்னொன்று, அதற்கு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு அல்லது அட்மின் பாஸ்வேர்டு என்று பெயர்.

அதே நேரத்தில் ஹார்ட் டிஸ்க் பெயரைச் சொல்லிக் கேட்டால் அது டிஸ்க்கின் சொந்தப் பூட்டு. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் அந்தப் பூட்டு கூடவே போகும்.

அதைத் தாண்டியதும் நீலத் திரையில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் கேட்டால் அது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. லினக்ஸில் அந்த இடத்தில் டிஸ்க்கைத் திறக்கும் கடவுச்சொல் கேட்கும். பெயருக்குக் கீழே பெட்டி வந்து கேட்பது நாம் எல்லாரும் அறிந்த லாகின் பாஸ்வேர்டு அல்லது பின். உள்ளே போன பிறகு மென்பொருள் நிறுவும்போது கேட்பது, வைஃபை கேட்பது, பிரவுசர் கேட்பது, லினக்ஸில் கீரிங் என்ற ஒன்று கேட்பது என்று மிச்சமெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விண்டோஸ் நிறுவும்போது 25 எழுத்து புராடக்ட் கீ கேட்கும். அது பாஸ்வேர்டு அல்ல, உரிம எண். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸுடன் விற்ற லேப்டாப் என்றால் அந்த எண் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், நிறுவும்போது தானாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாதி எழுத்து தேய்ந்துபோயிருக்கும். அதேபோல வைஃபை இணைக்கும்போது 'நெட்வொர்க் செக்யூரிட்டி கீ' என்று கேட்பது வெறும் வைஃபை பாஸ்வேர்டுதான். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பழைய இயங்குதளத்துக்குள் நீங்கள் இன்னும் நுழைய முடிகிற அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை இவை. ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அதே லேப்டாப்பில் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு அந்த லேப்டாப்பையே அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் டிஸ்க் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். "நான் எதையும் என்கிரிப்ட் செய்யவில்லையே" என்பீர்கள். நீங்கள் செய்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லாகின் செய்யும் பல லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) தானாகவே ஆன் ஆகிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் தேடுபெட்டியில் என்கிரிப்ஷன் என்று தட்டினால் வந்துவிடும். ஃபைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவின் படத்தின் மேல் சின்னப் பூட்டு தெரிந்தாலும் அதுதான் அர்த்தம்.

பூட்டு இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து, உங்கள் சாதனங்கள் வரிசையில் மீட்பு எண்ணைப் பார்த்து 48 இலக்கங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு ஆறாக எட்டுக் கூட்டமாக இருக்கும். கூடவே கீ ஐடி என்று ஒன்று இருக்கும், அதன் முதல் எட்டு எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் மூன்று லேப்டாப்களின் எண்கள் கிடந்தால் எது எதற்கு என்று அதை வைத்துத்தான் தெரியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்க விடுவது) வசதி வேண்டும். அதனால் பயாஸுக்குள் போய் அவற்றை ஆன் செய்கிறோம், அல்லது பயாஸையே அப்டேட் செய்கிறோம். பிட்லாக்கரின் கண்ணுக்கு அது யாரோ பெட்டியை உடைத்துப் பார்க்கிற மாதிரி. உடனே வழக்கமான பின்னை ஒதுக்கிவிட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லை என்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை யாராலும் எடுக்க முடியாது, மைக்ரோசாஃப்ட் உட்பட. ஆகவே பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். ஹோம் பதிப்பில் அந்தத் தேர்வு கண்ணில் படாவிட்டால் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிடுங்கள். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸும் போடுவதாக இருந்தாலும் முழுதாக ஆஃப் செய்வதே மேல். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பூட்டு கழன்று முடியவே சில மணி நேரம் ஆகும். அது ஓடி முடியும்வரை சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

அடுத்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். டாகுமென்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு, குரோமின் கோப்புறையையும் காப்பி செய்து வைத்தால் பாஸ்வேர்டுகளும் வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. விண்டோஸில் குரோம் சேமிக்கும் பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. புது இயங்குதளத்தில் அந்தக் கோப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒன்று, கூகுள் கணக்கில் சிங்க் ஆகிறதா என்று மொபைலில் திறந்து உறுதிசெய்யுங்கள். அல்லது பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்து சிஎஸ்வி கோப்பாக பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் எல்லாமே வெட்டவெளிச்சமாக இருக்கும், யார் திறந்தாலும் படிக்கலாம். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று காகிதத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் புரொஃபைல் கோப்புறையை அப்படியே காப்பி செய்து லினக்ஸில் போட்டாலும் பாஸ்வேர்டுகள் வந்துவிடும்.

கடைசியாக, உங்கள் ஈமெயிலின் பாஸ்வேர்டு உண்மையிலேயே தெரியுமா என்று சோதியுங்கள். வருடக்கணக்காக லாகின் ஆகியே கிடப்பதால் தட்டியே பழக்கம் விட்டுப்போயிருக்கும். பிரவுசரில் ஒரு பிரைவேட் ஜன்னலைத் திறந்து புதிதாக லாகின் செய்து பாருங்கள். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அனுப்பப்படும் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகும் என்றும் பாருங்கள். எப்போதோ கைவிட்ட எண் அங்கே இருந்தால் இப்போதே மாற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில், பழைய மீட்பு விவரம் எதுவும் கையில் இல்லாமல் எல்லாவற்றையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்கச் சொல்லும். கூகுள் கணக்கு என்றால் பேக்கப் கோடுகள் பத்து கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். அவற்றையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துக்கொண்டால் காகிதம் நிறைந்துவிடும்.

பயாஸ் பூட்டு

பென்டிரைவிலிருந்து பூட் ஆக வேண்டுமென்றால் பூட் மெனுவுக்கோ பயாஸுக்கோ போக வேண்டும். எஃப்2, எஃப்10, எஃப்12, எஸ்கேப், டெலிட் இவற்றில் ஏதோ ஒன்று, தயாரிப்பாளரைப் பொறுத்தது. ஆன் செய்த நொடியிலிருந்து அந்தக் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டு, அது உங்களுக்குத் தெரியாது என்றால், யோசித்துப் பாருங்கள்: யார் வைத்திருப்பார்கள்? அலுவலகத்தில் கொடுத்த லேப்டாப் என்றால் அங்குள்ள ஐடி ஆட்கள். இரண்டாம் கையாக வாங்கியது என்றால் விற்றவர். பல சமயம் நாமே வைத்திருப்போம். ஏசர் லேப்டாப்கள் பலவற்றில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் செக்யூர் பூட் வரியே கையில் அகப்படும், அதுவரை மங்கலாகத்தான் தெரியும். அதற்காக அவசரத்தில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறந்துவிடுவோம். மூன்று வருடம் கழித்து அது நம்மையே வெளியே நிறுத்தும். அப்படி வைத்தால் வேலை முடிந்த கையோடு மறுபடி உள்ளே போய், பழையதைப் போட்டு, புதியது கேட்கும் இடத்தில் எதுவும் தட்டாமல் என்டர் கொடுங்கள். பாஸ்வேர்டு நீங்கிவிடும்.

"உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும்" என்று ஒரு வைத்தியம் பரவலாக உலவுகிறது. மேசைக் கணினிகளில் அது எடுபடும். லேப்டாப்களில் பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் அந்தப் பாஸ்வேர்டு பேட்டரி போனாலும் அழியாத சிப்பில் எழுதப்பட்டிருக்கும். வாங்கிய ரசீதோடு தயாரிப்பாளரின் சேவை மையத்தை அணுகுவதுதான் நேர்வழி. இன்டெல் வகை ஆப்பிள் மேக்புக்கில் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு மறந்தாலும் இதே வழிதான், வீட்டில் வைத்துத் தீர்க்க முடியாது.

ஒரு நல்ல செய்தி: ஆன் செய்யும்போது கேட்காமல் பயாஸுக்குள் நுழையும்போது மட்டும் கேட்கிறது என்றால், சில லேப்டாப்களில் பூட் மெனு கீ மட்டும் தடையில்லாமல் வேலை செய்யும். பயாஸை மறந்துவிட்டு அதை முயன்று பாருங்கள்.

விண்டோஸ் லாகின் ஏற்கெனவே மறந்துவிட்டது என்றால்

மேலே சொன்ன முன்னேற்பாடெல்லாம் உள்ளே நுழைய முடிந்தவர்களுக்கு. அலமாரியில் நாலு வருடம் தூங்கிய லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

முதலில் பெயருக்குக் கீழே ஈமெயில் முகவரி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. மொபைலில் இணையம் வழியாகவே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய பிறகு லேப்டாப்பும் இணையத்தில் இருக்க வேண்டும். இணையம் இல்லாவிட்டால் அதற்குப் புதிய பாஸ்வேர்டு தெரியாது, நாலு வருடத்துக்கு முந்தைய பழையதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். லாகின் திரையின் கீழ் மூலையில் வைஃபை சின்னம் இருக்கும், முதலில் அதை இணையுங்கள்.

வைஃபை இணைந்தும், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏற்க மறுக்கிறதா? தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் அந்த வட்ட பேட்டரி செத்துப்போய் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைய இணைப்பே உருவாகாது. திரையோ பாஸ்வேர்டில் கோளாறு என்கிற மாதிரியே பேசும். பயாஸில் தேதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பெயர் மட்டும் தெரிந்தால், அந்த லேப்டாப்புக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்காக இருக்கலாம். ஒருமுறை தவறாகப் போட்டால் ரீசெட் பாஸ்வேர்டு என்ற இணைப்பு வரும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல், கணக்கு உருவாக்கும்போதே மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்டிருக்கும். முதல் வளர்ப்புப் பிராணி, பிறந்த ஊர் மாதிரி. பதில்கள் நினைவிருந்தால் பிழைத்தோம்.

பின் விஷயம் தனி. பின் என்பது அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டுமே உரியது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் பின்னைப் போட்டால் ஏற்காது. பின்னைப் பலமுறை தவறாகப் போட்டால், திடீரென்று 'ஏ1பி2சி3' என்று ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்றைக் காட்டி அதைத் தட்டச் சொல்லும். பலரும் இதைப் பார்த்து வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். அது விண்டோஸ்தான். குழந்தை கீபோர்டில் விளையாடுகிறதா, மனிதர்தான் தட்டுகிறாரா என்று சோதிக்கிறது. காட்டியபடியே தட்டிவிட்டு, பின்னை நிதானமாகப் போடுங்கள்.

எதுவுமே நடக்கவில்லையா? இதற்காகத் தலையில் கைவைக்க வேண்டியதில்லை. லாகின் பாஸ்வேர்டு என்பது வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரிதான். பிட்லாக்கர் போட்டிருக்காத டிஸ்க்கில் உங்கள் கோப்புகள் பூட்டாமல்தான் கிடக்கின்றன. லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ உள்ள பென்டிரைவிலிருந்து, நிறுவாமல் 'டிரை' என்ற தேர்வில் பூட் செய்யுங்கள். ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் டிரைவ் தெரியும். யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் திறந்து, வேண்டியவற்றை இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். இது உங்கள் சொந்த லேப்டாப்புக்கு மட்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

காப்பி முடிந்ததும் புதிதாக நிறுவ வேண்டியதுதான். பழைய கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டு விண்டோஸை மேம்படுத்த வேண்டுமென்றால், உள்ளே லாகின் ஆகி அங்கிருந்துதான் தொடங்க முடியும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் கிடைப்பது சுத்தமான நிறுவல் மட்டுமே. அதற்குப் பழைய பாஸ்வேர்டு தேவையே இல்லை.

புது விண்டோஸில் கணக்கு

விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். காகிதத்தில் எழுதி வைத்த பாஸ்வேர்டு இங்கே கைகொடுக்கும். கணக்கு சரியானதும் பின் வைக்கச் சொல்லும், வையுங்கள். ஆனால் அடுத்த மூன்று மாதம் பின்னையே போட்டுவிட்டுப் பாஸ்வேர்டை மறந்துவிடுவீர்கள். அதனால் அவ்வப்போது பாஸ்வேர்டையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 24எச்2 பதிப்பு முதல், சுத்தமாக நிறுவினால் வசதியுள்ள லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகும். அப்போது பழைய 48 இலக்க எண் செல்லாது. புது எண் கணக்கில் சேர்ந்திருக்கும், அதைப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான், இங்கே வேறு சிக்கல் இல்லை.

லினக்ஸில் வரும் வேடிக்கைகள்

லினக்ஸ் நிறுவும்போது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அந்த ஒரே பாஸ்வேர்டுதான் லாகினுக்கும், மென்பொருள் நிறுவவும், அப்டேட் செய்யவும். தனியாக அட்மின் பாஸ்வேர்டு எங்கே என்று தேட வேண்டாம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் அதைக் கேட்கும்போது, பல லினக்ஸ்களில், நீங்கள் தட்டுவது எதுவும் திரையில் தெரியாது. புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை, கர்சர்கூட நகராது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று தோன்றும். முழுதாகத் தட்டி என்டர் கொடுங்கள், போகும்.

நான் வாங்கிய அடி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பழைய லேப்டாப்பில் மின்ட் நிறுவியபோது, கீபோர்டு தேர்வில் கவனமில்லாமல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைக் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டில் அட் குறி (@) ஒன்று உண்டு. ஷிஃப்டும் 2-உம் அமுக்கினேன், வைத்தாயிற்று. ஒரு வாரம் நன்றாகவே லாகின் ஆனது. அப்புறம் ஒரு மெயில் எழுதும்போதுதான் கவனித்தேன், அட் குறி போட்டால் இரட்டை மேற்கோள் குறி வந்துகொண்டிருந்தது. செட்டிங்ஸில் போய் கீபோர்டை அமெரிக்க ஆங்கிலமாக மாற்றினேன், அட் குறி ஒழுங்காக வந்தது. எழுந்து போய்விட்டுத் திரும்பினால் திரை பூட்டியிருந்தது. பாஸ்வேர்டு தவறு என்றது. பத்து தடவை போட்டேன், பத்து தடவையும் தவறு.

யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். நடந்தது வேறு. பிரிட்டிஷ் அமைப்பில் ஷிஃப்டும் 2-உம் சேர்ந்தால் மேற்கோள் குறி. ஆகவே முதல் நாளே நான் வைத்த பாஸ்வேர்டில் அட் குறி இல்லவே இல்லை, மேற்கோள் குறிதான் இருந்தது. ஒரு வாரமும் அதையேதான் தட்டிக்கொண்டிருந்தேன், தெரியாமலே. என்டருக்குப் பக்கத்துக் கீயை ஷிஃப்டோடு அமுக்கி மேற்கோள் குறியைப் போட்டதும் கதவு திறந்தது. நாற்பது நிமிடம் போனது.

இதே கதை தமிழ்க் கீபோர்டு வைப்பவர்களுக்கும் நடக்கும். தமிழ்99 அமைப்பைச் சேர்த்துவிட்டு, திரை பூட்டும் நேரத்தில் அது ஆன் ஆகியிருந்தால், ஆங்கில எழுத்து தட்டுவதாக நினைத்துத் தமிழைத் தட்டிக்கொண்டிருப்போம். பெட்டியில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். லாகின் திரையின் மூலையில் மொழிக் குறி இருக்கும், அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நிறுவும்போது ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைப்பது நல்லது. டிஸ்க்கைத் திறக்கும் கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் கீபோர்டு அமெரிக்க ஆங்கிலமாகவே இருக்கக்கூடும். அதனால் அந்தக் கடவுச்சொல்லில் குறிகளே இல்லாமல், சாதாரண எழுத்துகளால் நீளமாக வைத்துவிடுங்கள். அதை மறந்தால் மீட்க வழி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய லேப்டாப்களுக்கே உரிய இன்னும் இரண்டு கோளாறுகள். தனி நம்பர் பேட் இல்லாத சின்ன லேப்டாப்களில் நம் லாக் ஆன் ஆகியிருந்தால், யு, ஐ, ஓ கீகள் 4, 5, 6 ஆகவும், ஜே, கே, எல் கீகள் 1, 2, 3 ஆகவும் மாறிவிடும். பாஸ்வேர்டு தவறாகத்தானே போகும். அடுத்தது, தேய்ந்த கீ. ஒரு கீ மூன்றில் ஒரு தடவை மட்டும் பதியும் நிலையில் இருந்தால், புள்ளிகளை எண்ணிப் பாருங்கள், ஒன்று குறையும். யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு தந்திரம்: லாகின் திரையில் வேறு பயனர் என்பதைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயர் கேட்கும் பெட்டியில் பாஸ்வேர்டைத் தட்டிப் பாருங்கள். எழுத்து கண்ணுக்குத் தெரியும். பார்த்ததும் அழித்துவிடுங்கள், என்டர் மட்டும் அமுக்க வேண்டாம்.

செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கும் லேப்டாப்பில் உபுண்டு நிறுவும்போது, வைஃபைக்கோ கிராஃபிக்ஸுக்கோ கூடுதல் டிரைவர் சேர்த்தால், செக்யூர் பூட்டுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். இது ஒரே ஒரு தடவை பயன்படுவது. அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். உடனே ஏதாவது கீயைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, கன்டினியூ, யெஸ் கொடுத்து அந்தப் பாஸ்வேர்டைப் போட வேண்டும். பத்து நொடிகள்தான் காத்திருக்கும். டீ எடுக்கப் போய்விட்டீர்கள் என்றால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும், அப்புறம் வைஃபை ஏன் வரவில்லை என்று மண்டையைக் குடைந்துகொள்வீர்கள்.

லினக்ஸ் லாகின் பாஸ்வேர்டே மறந்துவிட்டால், உபுண்டு, மின்ட் இரண்டிலும் வழி இப்படி. ரீஸ்டார்ட் செய்யும்போது புதிய வகை லேப்டாப்பில் எஸ்கேப் கீயையும், மிகப் பழையதில் ஷிஃப்ட் கீயையும் பயன்படுத்தினால், எதைத் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் (GRUB) மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெகவரி மோட், அதற்குள் ரூட் என்று போங்கள். கீழே கட்டளை தட்ட இடம் கிடைக்கும். அங்கே டிஸ்க் படிக்க மட்டுமான நிலையில் இருக்கலாம். அப்படியே பாஸ்வேர்டை மாற்றப் போனால் ஆதென்டிகேஷன் டோக்கன் என்று ஏதோ ஒரு பிழையைச் சொல்லும். அதனால் முதலில் எழுதும் நிலைக்கு மாற்றும் கட்டளை: மவுண்ட், இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டி ஓ, இடைவெளி, ரீமவுண்ட் காற்புள்ளி ஆர்டபிள்யூ என்று இடைவெளியின்றி, மறுபடி இடைவெளி, கடைசியில் முன்சாய்ந்த கோடு. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பிறகு பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளையும் விட்டுவிட்டு மற்றதை எழுதி, இடைவெளி விட்டு, உங்கள் பயனர் பெயர். புதிய பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்கும். பயனர் பெயர் மறந்துவிட்டால் ஹோம் கோப்புறைக்குள் உள்ள பெயர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். டிஸ்க் முழுவதும் பூட்டியிருந்தால் இந்த வழிக்கும் டிஸ்க் கடவுச்சொல் வேண்டும்.

இப்படி மாற்றி உள்ளே போனதும் ஒரு புதுப் பெட்டி வரும்: லாகின் கீரிங் திறக்கவில்லை, பாஸ்வேர்டு கொடு என்று. புதியதைப் போட்டால் ஏற்காது. அது பழைய லாகின் பாஸ்வேர்டால் பூட்டிய சாவிக்கொத்து. வைஃபை, பிரவுசர் போன்றவற்றின் ரகசியங்களை வைத்திருக்கும். லாகினை நீங்கள் மாற்றியது அதற்குத் தெரியாது. பழையது பின்னால் நினைவுக்கு வந்தால் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' என்ற செயலியில் போய் மாற்றுங்கள். வரவே இல்லை என்றால் அந்தக் கீரிங்கை அங்கேயே நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். சேமித்தவை போகும், தொல்லையும் போகும். தானாக லாகின் ஆகும்படி வைத்திருந்தாலும் இதே பெட்டி வரும். அப்போது உங்கள் சாதாரண லாகின் பாஸ்வேர்டே போதும்.

எல்லாம் முடிந்த அன்று மாலை

லேப்டாப்பை இரண்டு தடவை முழுதாக ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ஒரு தடவை பின்னாலும், இன்னொரு தடவை பாஸ்வேர்டாலும் நுழையுங்கள். பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்திருந்தால் மறுபடி தொடங்குங்கள். பயாஸில் தற்காலிகமாக வைத்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். பிரவுசரில் பாஸ்வேர்டுகளை இம்போர்ட் செய்து, இரண்டு மூன்று தளங்களில் நுழைந்து பார்த்தபின், அந்த சிஎஸ்வி கோப்பை பென்டிரைவிலிருந்து அழியுங்கள். லேப்டாப்புக்கும் ஒரு பிரதி எடுத்திருந்தால் அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். காகிதத்தை மட்டும் கிழிக்காதீர்கள். பழைய 48 இலக்க எண்ணை அடித்துவிட்டு, புதியதை அதற்குக் கீழே தேதி போட்டு எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.